பதினைந்தாம் சீர்: குறுந்தொகை மூன்றாம் பாட்டின் வடிவம்

மலைநாட்டுத் தலைவனோடு ஒருத்தி கொண்ட காதல் நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட அளத்தற்கு அரியது. அவனுடைய மலைச்சரிவில் கரிய கொம்புகளையுடைய குறிஞ்சியின் பூக்களிலிருந்து தேன் திரண்டுகொண்டிருக்கிறது. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு சொல்லும் செய்தி இவ்வளவே. நான்கு அடி, பதினைந்து சீர். காதலின் பெருமைக்குச் சான்று காட்டுவோர் இந்தப் பாட்டின் முற்பகுதியைத்தான் எடுத்துச் சொல்வது வழக்கம். மண், விண், கடல் என்னும் அடுக்கு எளிதில் நினைவில் நிற்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் காதலை உலகத்தோடு ஒப்பிட்டுப் பெரிதாக்குவது எந்த மொழியிலும் எந்தக் காதலரும் செய்யக்கூடியதே. இந்தப் பாட்டின் தனித்தன்மை அந்த அடுக்கு முறியும் இடத்திலும் அதற்குப் பின்வரும் ஏழு சீர்களிலும் இருக்கிறது என்பது என் கருத்து. அதைப் பாட்டின் தொடரமைப்பையும் யாப்பையும் கொண்டே காட்ட முடியும்.

முதலில் பாட்டு நமக்குக் கிடைத்த வழியைப் பார்த்துவிடலாம். கடவுள் வாழ்த்து நீங்கலாகக் குறுந்தொகையில் 401 பாட்டுகள் உள்ளன. நான்கடிச் சிறுமையும் எட்டடிப் பெருமையும் தொகுப்பின் வரையறை; 307, 391 ஆகிய இரண்டு மட்டும் ஒன்பதடிக்கு நீள்கின்றன. தொகுத்தவர் பூரிக்கோ. மூன்றாம் பாட்டைப் பாடியவர் தேவகுலத்தார். அவர் பெயரில் சங்க நூல்களில் வேறு பாட்டு இல்லை. குறுந்தொகையில் 20 பாட்டுகள் நீங்கலாக ஏனையவற்றுக்குப் பேராசிரியரும், அந்த இருபதுக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதியதாகப் பழைய செய்யுள்களால் அறிகிறோம். அந்த உரைகள் மறைந்துவிட்டன. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் தாமே உரை எழுதி நூலை முதன்முதலாக அச்சிட்டார். 1937இல் உ.வே.சாமிநாதையரின் விரிவான பதிப்பு வந்தது. ஆக, பழைய உரையாசிரியரின் துணை இல்லாமல், பாட்டின் அடியில் நிற்கும் சிறு துறைக்குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய நிலையில் இருக்கிறோம். அந்தக் குறிப்புக்குப் பிறகு வருகிறேன். துறையை முதலிலேயே படித்தால், பாட்டு அதற்கு விளக்கம்போலத் தோன்றத் தொடங்கிவிடும்.

பாட்டு முழுவதும் ஒரே வாக்கியம். அதன் எழுவாய் நட்பு. அது நான்காம் அடியின் நான்காம் சீரில், பாட்டின் கடைசிச் சொல்லாக வருகிறது. பெரியது, உயர்ந்தது, அளப்பரியது என்ற மூன்று பயனிலைகளும் முதலிலேயே வந்துவிடுகின்றன. எது பெரியது என்ற கேள்வி பதினான்கு சீர்களுக்கு விடையில்லாமல் நிற்கிறது. எழுவாயைக் கடைசியில் வைப்பது சங்கப் பாட்டுக்குப் புதிதன்று; அகவலில் பல இடங்களில் காணலாம். ஆனால் இங்கே எழுவாயை முன்னே கொண்டுவந்து, அந்தக் காதல் இன்னின்னவற்றைவிடப் பெரியது என்று உரைநடை வரிசையில் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். செய்தி குறைவதில்லை, பாட்டு மட்டும் போய்விடுகிறது. மூன்று ஒப்பீடுகளும் தெரிந்த ஒன்றைப் புகழும் அடைமொழிகளாகச் சுருங்கிவிடும். பாட்டிலோ அவை இன்னும் பெயர் சொல்லப்படாத ஒன்றை நோக்கிக் கைநீட்டுகின்றன.

ஒப்பீட்டின் இலக்கணமும் கவனிக்கத்தக்கது. இரண்டு பொருள்களை நிகர் என்று வைப்பது உவமை. ஒன்றைவிட மற்றொன்று மிக்கது என்று காட்டுவதற்கு ஐந்தாம் வேற்றுமையின் ‘இன்’ உருபும் ‘உம்’ இடைச்சொல்லும் இங்கே பயன்படுகின்றன. இதைத் தண்டியலங்கார மரபில் வேற்றுமையணி என்போம். உவமானம் உவமேயத்தைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் உவமவியலில் வகுத்த நெறி. இந்தப் பெண் கண்ணுக்கு எட்டும் உலகில் மிகப் பெரியவை எவையோ அவற்றையே எடுக்கிறாள். மூன்றையும் போதாதவை என்று ஒதுக்குகிறாள். உவமை தேடும் முயற்சி மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் தோற்கிறது.

ஏன் மூன்று? ஐம்பூதங்களில் தீயையும் காற்றையும் விட்டுவிட்டு நிலம், வான், நீர் மூன்றை மட்டும் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நிலத்துக்குப் பரப்பு உண்டு, வானுக்கு உயரம் உண்டு, கடலுக்கு ஆழம் உண்டு. தீக்கும் காற்றுக்கும் அப்படிக் கண்ணால் மதிப்பிடும் அளவு இல்லை. மூன்று திசைகளிலும் அளந்து முடித்த பிறகு நான்காவது திசை கிடையாது. அதிலும் மூன்றாவது ஒப்பீடு அளவு என்பதையே எடுத்துச் சொல்லி, அதன் அருமையைக் கூறுகிறது. அளவுகோல் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. இன்னும் ஒன்றை அடுக்கினால் வெறும் மிகையாகிவிடும். புலவர் அங்கே நிறுத்திவிடுகிறார்.

நிறுத்திய இடம் அடியின் முடிவு அன்று. இரண்டாம் அடியின் மூன்றாம் சீர். நீரைப் பற்றிய பேச்சு ஏகாரத்தோடு அங்கே முடிகிறது. மிஞ்சிய ஒரு சீரில் ‘சாரல்’ என்னும் சொல் தனித்து வந்து விழுகிறது. முன்னுள்ள ஒப்பீட்டோடு அதற்கு உறவில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்பதற்கும் குறிப்பில்லை. மூன்று பெரும்பொருள்களைக் கேட்டுவந்த செவிக்கு ஒரு மலைச்சரிவு எதிர்ப்படுகிறது. அடுத்த அடிக்குப் போனால் அந்தச் சரிவில் ஒரு செடி, செடியில் கரிய கொம்பு, கொம்பில் பூ. கடலிலிருந்து ஒரு பூவுக்கு வர ஐந்து சீர்கூட ஆகவில்லை. அடி எல்லையும் பொருள் எல்லையும் ஒன்றாக அமைந்திருந்தால், இரண்டடி உலகத்துக்கு, இரண்டடி மலைக்கு என்று பாட்டு இரு துண்டாக நின்றிருக்கும். ‘சாரல்’ ஒரு சீர் முன்னதாகவே வந்துவிடுவதால் இரண்டு பகுதிகளும் பூட்டிக்கொள்கின்றன.

இனி யாப்பு. பாட்டு நேரிசை ஆசிரியப்பா. ஈற்றயலடி மூன்று சீராகக் குறைவது அதன் விதி. குறுந்தொகைப் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பு உடையவை. ஆகவே மூன்றாம் அடி குறுகி நிற்பதை மட்டும் காட்டி, புலவரின் கைவண்ணம் என்று சொல்லிவிட முடியாது. விதி கொடுத்த குறைவை அவர் என்ன செய்திருக்கிறார் என்பதுதான் கேள்வி.

சீர்களின் வாய்பாட்டை எழுதிப் பார்த்தால் விடை தெரிகிறது. முதலடி: கருவிளம், புளிமா, கூவிளம், புளிமாங்காய். இரண்டாமடி: கூவிளம், கூவிளம், தேமா, தேமா. இவற்றுக்குள் சீரான ஒழுங்கு இல்லை. மூன்றாமடி: புளிமா, புளிமா, தேமாங்காய். நான்காமடி: புளிமா, புளிமா, கூவிளங்காய், தேமா. கடைசி இரண்டு அடிகளும் ஒரே நடையில் தொடங்குகின்றன. இரண்டு புளிமாவுக்குப் பின் ஒரு காய்ச்சீர். அந்த இரு காய்ச்சீர்களும் ‘டு’ என்னும் குற்றியலுகர எழுத்தில் முடிகின்றன. இரண்டு அடிகளின் முதற்சீரிலும் இரண்டாம் எழுத்து ‘ரு’, ஆக எதுகையும் பொருந்துகிறது. குற்றியலுகரத்தைத் தனி அசையாகக் கொள்ளாமல் தொல்காப்பியர் வழியில் நேர்பு, நிரைபு என்று அலகிட்டால் வாய்பாட்டின் பெயர் மாறும். இந்த இணை மாறாது.

ஒரே தாளத்தில் இரண்டு அடிகள். மூன்றாமடி மூன்று சீரில் நின்றுவிடுகிறது. நான்காமடி அதே மூன்று சீரையும் அதே நடையில் நடந்து வந்து, முன்னது நின்ற இடத்தைத் தாண்டி ஒரு சீர் கூடுதலாக வைக்கிறது. அந்தக் கூடுதல் சீர்தான் நட்பு. மூன்றாமடி விட்டுப்போன இடத்தை நான்காமடியில் நிரப்புவது பாட்டின் எழுவாயே. முதற்சொல்லிலிருந்து காத்திருந்த விடையும் மூன்றாமடியில் செவி உணர்ந்த குறையும் ஒரே இடத்தில் தீர்கின்றன. தொடரிலக்கணமும் யாப்பும் இவ்வளவு நெருக்கமாக ஒரே சொல்லில் வந்து முடியும் இடங்கள் தொகைநூல்களில் எளிதில் கிடைப்பதில்லை. நான் இந்தப் பாட்டை உயர்வாக மதிப்பதற்கு முதற்காரணம் இது.

கடைசிச் சீரின் ஓசைக்கும் முன்னேற்பாடு உண்டு. அதற்கு முந்திய சீர் ‘நாடன்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. நாவும் நகரமும் மோனையாகின்றன. முதலடி முதற்சீருக்கும் இரண்டாமடி முதற்சீருக்கும் நகர மோனை இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், நிலம், நீர், நாடன், நட்பு என்று நான்கு பெயர்கள் ஒரே எழுத்தின் இனத்தில் கோக்கப்பட்டிருப்பது தெரியும். வான் மட்டும் வெளியே நிற்கிறது. மூன்றாம் நான்காம் அடிகளில் ங்க, ஞ்ச, ண்ட, ந்த என மெல்லினமும் வல்லினமும் அடுத்தடுத்து இணைந்து வருவதைக் கேட்டுத் தேனீயின் முரற்சி என்று சொல்ல ஆசை வரும். முதல் இரண்டு அடிகளிலும் ந்த, ன்ற போன்ற இணைகள் இருப்பதால் அதை நான் வற்புறுத்த மாட்டேன். எதுகையும் வாய்பாடும் எண்ணிக் காட்டக்கூடியவை. முரற்சி படிப்பவரின் செவியைப் பொறுத்தது.

எண்ணிக் காட்டக்கூடிய இன்னொன்றும் உண்டு. பெருமையைக் குறிக்கும் சொல் முதலடியின் இரண்டாம் சீரில், நிலத்தைவிடப் பெரியது என்று பேசும் இடத்தில் வருகிறது. அதே அடிச்சொல் நான்காமடியின் தொடக்கத்தில் மறுபடி வருகிறது, இப்போது தேனுக்கு அடையாக. நிலத்தைத் தோற்கடித்த பெருமை ஒரு தேனடைக்கு வந்து சேர்கிறது. இரண்டு பெருமைகளும் ஒரே வகை அல்ல. நிலத்தின் பெருமை முன்பே இருப்பது. யாரும் அதைச் செய்யவில்லை. தேனின் பெருமை சிறிதுசிறிதாகச் சேர்த்து வந்தது. இங்கே வரும் வினை ‘இழைத்தல்’, அதாவது நுட்பமாகக் கட்டிச் செய்தல். முற்பகுதி காதலின் அளவைச் சொன்னது. பிற்பகுதி அளவைப் பற்றிப் பேசாமல், அது உருவாகும் விதத்தைச் சொல்கிறது. அளக்க முடியாது என்று கைவிட்ட பிறகு அவளுக்குக் கிடைத்த வழி இதுதான்.

மலைச்சரிவு முதற்பொருள், குறிஞ்சிப் பூவும் தேனும் கருப்பொருள், புணர்தலும் அதன் நிமித்தமும் உரிப்பொருள். திணை குறிஞ்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் இயற்கைப் பகுதியை உள்ளுறை உவமம் என்பதா, இறைச்சி என்பதா என்று முடிவு செய்யும்போது சிக்கல் வருகிறது. உள்ளுறை என்றால் வெளிப்படையாகச் சொன்ன ஒவ்வொரு கருப்பொருளுக்கும் சொல்லாத பக்கத்தில் ஓர் இணை இருக்க வேண்டும். பூவைத் தலைவியாகவும் தேனை இன்பமாகவும் தேனீயைத் தலைவனாகவும் வைத்துப் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் பாட்டில் தேனீயைத் தனியே சுட்டும் வண்டு, தும்பி, சுரும்பு போன்ற சொல் எதுவும் இல்லை. பழந்தமிழில் தேன் என்பதே ஒரு வண்டினத்தின் பெயராகவும் வழங்கியது உண்மை. அப்படிக் கொண்டால் இழைக்கப்படுவது எது என்பது மறைந்துவிடும். இழைப்பது யார் என்பதோ இழைக்கப்படுவது எது என்பதோ, இரண்டில் ஒன்று சொல்லப்படாமலே நிற்கிறது. பொருத்தத்தின் முக்கியமான கண்ணி இல்லாதபோது, இதை ஒன்றுக்கொன்று நிகர் வைக்கும் உள்ளுறையாகக் கொள்வதைவிட, சொன்ன பொருளின் புறத்தே இன்னொரு கருத்தை எழுப்பும் இறைச்சியாகக் கொள்வதே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

தேனீ இல்லாதது தற்செயலா? அகப்பாட்டு மரபில் பூவுக்குப் பூ தாவும் வண்டு பெரும்பாலும் நல்ல பெயர் எடுப்பதில்லை. மருதத்தில் அது பரத்தையரை நாடும் தலைவனின் உருவம். தன் காதலனின் குணத்தை நிலைநாட்ட விரும்பும் ஒருத்தி, அவன் நாட்டில் வண்டுகள் பூக்களில் திரிகின்றன என்று வாய்திறந்தால் கேட்பவரின் மனம் எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் வண்டைச் சொல்லவில்லை. அதன் உழைப்பின் பயனை மட்டும் சொல்கிறாள். குறுந்தொகையில் இதற்கு முந்திய பாட்டு இறையனாருடையது. அங்கே தலைவன் தும்பியை நேருக்கு நேர் அழைத்து, தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூவை அறிவாயா என்று கேட்கிறான். இரண்டாம் பாட்டில் பேச்சுக்கு முன்னிலையாக இருந்த உயிர் மூன்றாம் பாட்டில் பெயரளவில்கூட இல்லை. பூரிக்கோ எண்ணி வைத்த வரிசையா என்று சொல்ல முடியாவிட்டாலும், இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படும்.

குறிஞ்சிச் செடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவு முழுவதும் ஒருசேரப் பூக்கிறது. 2006இலும் 2018இலும் நீலகிரி, மூணாறுப் பகுதிகளில் அதைக் காண மக்கள் திரண்டார்கள். இந்த அறிவை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து பூத்த பூவின் தேனைப் போன்றது அவள் காதல் என்று இன்று பலர் விளக்கம் எழுதுகிறார்கள். அழகான எண்ணம். ஆனால் பாட்டில் ஆண்டுக் கணக்கு இல்லை. பூவின் நீல நிறம்கூட இல்லை. குறிஞ்சி இனத்தில் வெவ்வேறு கால இடைவெளியில் பூக்கும் செடிகள் பல உண்டு. புலவர் கண்டது எதை என்று நாம் முடிவுகட்ட இயலாது. அவர் சொல்லியிருப்பது கொம்பின் கருமையை. மெல்லிய கரிய கொம்பு ஓர் அடியின் தலையில், மிகுந்த தேன் அடுத்த அடியின் தலையில், இரண்டையும் கட்டும் எதுகை. சிறிய இடத்திலிருந்து பெரிய விளைவு என்ற எதிர்நிலை அங்கே வெளிப்படையாகவே இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தாவரவியலில் இருந்து ஓர் எண்ணை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

இப்போது துறைக்குறிப்பு. தலைவன் வேலிக்கு வெளியே, சிறைப்புறத்தில் நிற்கிறான். களவு நீள்கிறது, அவன் மணம் பேச வரவில்லை. அவன் காதில் விழும்படி தோழி அவன் குணத்தைக் குறைத்துப் பேசுகிறாள். இது இயற்பழித்தல். தலைவி மறுத்து அவன் குணத்தை நிலைநாட்டுகிறாள். இது இயற்பட மொழிதல். பாட்டுக்குள் பேசுபவர் பெண் என்பதற்குக்கூடச் சொல் அடையாளம் இல்லை. தோழியும் வேலியும் பழிச்சொல்லும் குறிப்பிலிருந்துதான் வருகின்றன. குறிப்பு எழுதியவர் புலவர் அல்லர், பிற்காலத்தவர் என்ற கருத்து ஆய்வாளரிடையே வலுவாக உண்டு. அப்படியே இருந்தாலும் அவர் பாட்டை நுட்பமாகப் படித்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏனென்றால் அந்தச் சூழலில் வைத்தால் முற்பகுதியின் மிகை மிகையாக இல்லாமல் வாதமாகிறது. தோழி குறைக்கிறாள், அவள் பெருக்குகிறாள். தோழி அவனுடைய குணத்தைப் பழிக்க, இவள் அவனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அவனோடு கொண்ட உறவின் அளவைச் சொல்கிறாள். அவனுக்குக் கிடைக்கும் ஒரே அடைமொழி அவன் நாடு. அகப்பாட்டில் தலைவனுக்கு இயற்பெயர் இல்லை. நாடன், வெற்பன், சிலம்பன் போன்ற நிலப்பெயர்களே உண்டு. அந்த மரபையே அவள் தனக்கு அரணாக்கிக்கொள்கிறாள்.

வேலிக்கு வெளியே நிற்பவனுக்கு இதே சொற்கள் வேறாகக் கேட்கும். அவன் நாட்டில் ஒரு சிற்றுயிர்கூடப் பூவில் எடுத்ததை வீணாக்காமல் அடையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எடுத்துக்கொண்டு போவதோடு அது நிற்பதில்லை. தலைவன் சேர்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: திருமணம். தோழி பழித்துச் சொன்னதையே தலைவி பழிக்காமல் சொல்லிவிடுகிறாள். தோழியின் எதிரியாகத் தோன்றும் இந்தப் பேச்சு அவளுடைய வேலையைத்தான் இன்னொரு வழியில் முடித்துத் தருகிறது.

குறுந்தொகையின் இன்னொரு புகழ்பெற்ற காதற்பாட்டு 40ஆம் எண்ணுடையது. செம்மண் நிலத்தில் விழுந்த மழைநீரை உவமையாகக் கொண்டது. அந்த உவமையாலேயே புலவர் செம்புலப்பெயனீரார் எனப் பெயர் பெற்றார். அங்கேயும் மூன்று அடுக்கு உண்டு. இருவரின் தாயும், தந்தையும், அறிமுகமும் என்று மூன்று கேள்விகள். பிறகு ஓர் இயற்கைக் காட்சி வருகிறது, கடைசியில் நெஞ்சங்கள். கட்டுமானம் ஒன்றுபோலவே இருக்கிறது. ஆனால் அங்கே பேசுபவன் தலைவன். தன்னை விட்டுப் பிரிவானோ என்று அஞ்சும் தலைவிக்கு அவன் உறுதி கூறுகிறான். அவன் வெளிப்படையான உவம உருபு வைத்து உவமை சொல்கிறான். அவன் வினை இறந்தகாலத்தில் முடிகிறது. நெஞ்சங்கள் கலந்துவிட்டன, வேலை தீர்ந்தது என்கிறான். மூன்றாம் பாட்டில் உவம உருபு இல்லை. இறந்தகாலத்தில் முடிந்த செயலும் இல்லை. வானோடு ஒப்பிடும் இடத்தில் வரும் வினைமுற்று வடிவால் இறந்தகாலமாயினும் நிலையைக் குறிப்பதே. செயலைச் சொல்லும் பெயரெச்சம் ஒன்றே ஒன்று: செய்யும் என்னும் வாய்பாட்டில் அமைந்த ‘இழைக்கும்’. அது இன்னும் நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டுகிறது. நட்போடு சேரும் உருபும் தலைவனிடத்து என்றோ தலைவன்மேல் என்றோ சொல்லாமல் அவனோடு என்கிறது. இருவரும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர் நிற்கும். மணம் முடியாத நிலையில் நிற்கும் தலைவி, எல்லாம் கலந்து முடிந்தது என்று சொல்லும் உரிமை தனக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதை அறிந்து பேசுகிறாள்.